கவுந்தியடிகளின் நா

பூம்புகாரை நீங்கி மதுரை நோக்கி நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகச் சேர்ந்தவர் சமணப் பெண்துறவி கவுந்தியடிகள். நீர்க்கரையில் ஊரும் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டால் அத்துன்பம் தாங்க இயலாதது என்று புறப்படும் முன்னரே எச்சரித்தவர். வழியில் சாரணரின் அறவுரை கேட்டு, அருகன் திருப்பெயரன்றிப் பிறிதெதையும் தம் நா உரையாது என்று உறுதியும் பூண்டார். பின்னர் ஓடமேறிக் காவிரியைக் கடந்து ஒரு சோலையில் தங்கியபோது, அதே நா இரு மனிதரை முள்காட்டு நரிகளாகுமாறு சபித்தது. (மறையுரை கேட்டுக் கோயில் வாசலைத் தாண்டுமுன் நம்மிலும் இது நிகழ்வதுண்டு.)

நாடுகாண் காதையின் இப்பகுதியை அற்புத நிகழ்ச்சியாக மட்டும் வாசித்துக் கடந்துவிடுகிறோம். அடிகள் போலித்துறவி அல்லர். தாம் மக்கள் எனக் கொண்ட இருவரை வழிப்போக்கர் இழித்துரைக்க, கண்ணகி செவி பொத்தி நடுங்கியதை அவரால் பொறுக்க இயலவில்லை. அன்பிலிருந்து பிறக்கும் சினம் பாவமாகத் தோன்றுவதில்லை, அறமாகவே தோன்றுகிறது. ஆண்டவரை ஏற்க மறுத்த சமாரியர் ஊரை வானத்து நெருப்பால் அழிக்கலாமா என்று கேட்ட யாக்கோபும் யோவானும் அவர்மீது அன்பற்றவர்களா என்ன?

இளங்கோவடிகள் இதை மறைக்கவில்லை. அறியாமையால் பிழைத்தோர்க்கு விடுதலைக் காலம் உரைக்குமாறு அடிகளை வேண்டுவோர், இகழப்பட்ட அந்த இல்லறத்தார் இருவருமே. சாபம் பன்னிரண்டு திங்களாகச் சுருங்கிற்று.