பெர்ரிக்கு எத்தனை முகம்?

1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மாத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு ஜப்பானின் எடோ விரிகுடாவுக்குள் நுழைந்தார். அவற்றில் இரண்டு புகை கக்கும் நீராவிக் கப்பல்கள். கரையில் நின்றவர்கள் 'கறுப்புக் கப்பல்கள்' என்றார்கள். பெர்ரியின் முகத்தைப் பார்க்க அன்றைய ஜப்பானியரில் பெரும்பாலோருக்கு வழியில்லை என்பதால் ஓவியர்களும் மர அச்சுக்காரர்களும் அவரவர் கற்பனைப்படி வரைந்து விற்றார்கள். நீண்ட மூக்கு, நீல விழி, அரக்கச் சாயல் என்று ஒரு பெர்ரி. அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தபோது அருகிருந்து பார்த்து வரைந்த, மனிதச் சாயல் கொண்ட இன்னொரு பெர்ரி. அமெரிக்கத் தரப்பிலோ வில்லியம் ஹைன் என்ற ஓவியரைக் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். அவர் படங்களில் சிப்பாய்கள் வரிசை கலையாமல் நிற்கிறார்கள், வானம் தெளிந்திருக்கிறது, வந்தவர்களின் நோக்கத்தில் குறை காண இடமே இல்லை.

இந்தப் படங்களை அருகருகே வைத்து வரலாறு கற்பிக்க முடியும் என்று காட்டியது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் 'விஷுவலைசிங் கல்ச்சர்ஸ்' என்ற பாடத்தொகுப்பு. ஜப்பான் வரலாற்றை எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்க ஜான் டோவரும், மொழியியலாளர் ஷிகேரு மியாகாவாவும் 2002இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, உலகின் எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். ஆசிய வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல உருவான பாடப்பொருள்களில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன். இதன் குறைகளையும் பேச வேண்டும் என்று நினைப்பது அந்த மதிப்பினால்தான்.

பெரும்பாலான பாடநூல்களில் படம் பத்திக்கு நடுவே இளைப்பாற வைத்த இடம். இங்கே படமே சான்று. 1854இல் பெர்ரி பரிசாகக் கொண்டுவந்த சிறு ரயில் எஞ்சினை ஜப்பானிய ஓவியர்கள் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தார்கள் என்று பார்க்கும் மாணவர், 'மிரண்டுபோன கிழக்கு, கண்திறந்துவிட்ட மேற்கு' என்ற பழைய கதையைத் தானே சந்தேகிக்கத் தொடங்குவார். மிரண்டவர்கள் இப்படி அளந்து வரையமாட்டார்கள். ஆசிரியர் சொல்லிக் கொடுக்காமலே மாணவர் இந்த இடத்துக்கு வந்து சேர்வதுதான் இம்முறையின் வெற்றி.

ஹிரோஷிமா பாடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அணுகுண்டு என்றதும் நம் கண்ணில் எழும் காளான் மேகம் விமானத்திலிருந்து எடுத்தது, அதாவது குண்டு போட்டவர்களின் பார்வை. தரையில் நடந்ததற்கு அன்றைய புகைப்படங்கள் மிகக் குறைவு. யோஷிடோ மட்சுஷிகே அன்று நகருக்குள் எடுத்தவற்றில் கிடைத்தவை ஐந்தே. 1974இல் முதியவர் ஒருவர் தாம் கண்டதை வரைந்து ஹிரோஷிமா என்.எச்.கே. ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து நிலையம் விடுத்த அழைப்பை ஏற்றுப் பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் வரைந்து அனுப்பினார்கள். ஓவியப் பயிற்சி இல்லாத கைகள் வரைந்தவை. அவற்றைப் பாடத்தின் நடுவில் வைத்ததால் மேலிருந்து பார்த்த படத்துக்குத் தரையிலிருந்து ஒரு பதில் கிடைத்தது.

ஆனால் இரு தரப்புப் படங்களும் அருகருகே இல்லாத இடங்களில் இந்த முறை தடுமாறுகிறது. 1894–95 சீன–ஜப்பானியப் போர் பற்றிய பாடம் பெரும்பாலும் ஜப்பானிய மர அச்சுப் படங்களை நம்பி நிற்கிறது. கோபயாஷி கியோச்சிகா போன்றோரின் கைவண்ணத்தில் பனியும் தீயும் இரவும் மயக்கும் அழகு கொண்டவை. அவற்றை வரைந்தவர்களில் பலர் போர்க்களத்தையே பார்க்காதவர்கள். டோக்கியோவில் இருந்தபடி செய்தித்தாளை வைத்து வரைந்தார்கள். ஜப்பானியர் மேற்கத்தியச் சீருடையில் நிமிர்ந்து நிற்க, சீனர் பின்னல் சடையும் பகட்டு உடையுமாகச் சிதறி ஓடுவார்கள். அந்த இழிவுபடுத்தலை டோவரின் கட்டுரை தெளிவாகவே கண்டிக்கிறது.

2006 ஏப்ரலில் எம்.ஐ.டி.யின் முகப்புப் பக்கம் இத்தொகுப்பை முன்னிறுத்தியபோது, சீன வீரர்களின் தலையை வெட்டும் 1894ஆம் ஆண்டுப் படம் ஒன்று கட்டுரையைப் பிரிந்து இணையத்தில் பரவியது. சீன மாணவர்கள் கொதித்தார்கள், டோவருக்கும் மியாகாவாவுக்கும் மிரட்டல்கள் வந்தன. தளம் சில நாள்கள் முடக்கப்பட்டு, எச்சரிக்கைக் குறிப்புகளோடு திரும்பியது. மிரட்டலுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் 'அவர்கள் கட்டுரையைப் படிக்கவில்லை' என்று சொல்லி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான சொற்களில் எழுதிய விளக்கத்தைப் படம் ஒரு நொடியில் முந்திவிடும். படத்தையே முதன்மைச் சான்றாக்கிய தொகுப்பு அந்த வேகத்துக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். வெட்டப்படுகிறவரின் தரப்பிலிருந்து அதே பக்கத்தில் ஒரு படமாவது இருந்திருந்தால்?

அப்படிப் படங்கள் இல்லாமலும் இல்லை. ஷாங்காயின் 'தியன்ஷிச்சாய்' சித்திர இதழ் 1884 முதல் 1898 வரை வந்தது, அந்தப் போரையும் வரைந்தது. அதில் வென்றவர்கள் சீனர்கள்! இரண்டு பொய்களையும் அருகருகே வைத்திருந்தால் போர்ச் சித்திரம் எப்படி இயங்குகிறது என்பது மாணவருக்குப் பிடிபட்டிருக்கும். பின்னாளில் அவ்விதழுக்கெனத் தொகுப்பில் தனிப் பாடம் சேர்ந்தது நல்ல செய்தி. என்றாலும் இரண்டையும் கோத்துப் பார்க்கும் பொறுப்பு ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

அதைவிடப் பெரிய குறை, எவரும் அக்கறையோடு வரையாதவர்களின் நிலை. அந்தப் போர் கொரியாவுக்காக, கொரிய மண்ணில் தொடங்கிய போர். ஆயினும் ஜப்பானியப் படங்களில் கொரியர் பெரும்பாலும் ஓரத்து ஆள்கள். படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் பாடத்தில் அவர்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

தமிழ் வகுப்பறைக்கு இதே சிக்கல் தொகுப்பின் அபினிப் போர்ப் பாடத்தில் நேராக வந்து நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 'நெமசிஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பல் 1841 ஜனவரி 7 அன்று முத்து ஆற்று முகத்துவாரத்தில் சீனப் படகுகளைத் தகர்க்கும் காட்சியை எட்வர்ட் டங்கன் வரைந்தார், அது 1843இல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. அபினிப் போர் என்றாலே எங்கும் இந்தப் படம்தான். வெடித்துச் சிதறும் படகு, சிவந்த தீ, தொலைவில் கப்பல். அதே நாளில் சுவென்பி கோட்டைகளைப் பிடிக்கக் கரையில் இறங்கிய படையில் 37ஆம் மதராஸ் சுதேசிக் காலாட்படையும் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் கான்டனுக்கு அருகே சான்யுவான்லியில் அதே படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் துப்பாக்கி நனைந்து, கிராமத்தாரின் ஈட்டிகளுக்கு நடுவே தனித்து மாட்டிக்கொண்டது. டங்கன் படத்தில் இவர்களுக்கு இடமில்லை.

ஆகவே இங்கே இந்தப் பாடத்தைப் பயன்படுத்தும் ஆசிரியரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. தொகுப்பின் கட்டுரையைத் திறக்கும் முன் படத்தை மட்டும் காட்டுங்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று கேளுங்கள். அதன் பிறகு மதராஸ் படையின் செய்தியைச் சொல்லி, சிப்பாய் ஒருவர் சுவென்பி கரையிலிருந்து அதே காட்சியைப் பார்த்திருந்தால் எதை வரைந்திருப்பார் என்று மாணவர்களை வரையச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை டங்கன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டுக் கட்டுரையைப் படிக்கத் தொடங்கலாம்.