அத்தோ: ஒரு பிசைதலின் அரசியல்

கல்மண்டபத்துத் தள்ளுவண்டி அத்தோவை 'பர்மா உணவு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்த அடைமொழிதான் என் பிரச்சினை. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்தது. வேகவைத்த நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் கையால்தான் ஒன்றுசேர்கின்றன; கூடவே வாழைத்தண்டு சூப். ஆக, அத்தோ என்பது ஒரு செயலின் பெயர்.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்களை அரசுக் காகிதம் 'தாயகம் திரும்பியோர்' என்றது. அங்கேயே பிறந்தவர்கள் எங்கே 'திரும்பினார்கள்'? தேசியக் கதையாடல் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அங்கே 'கலா' என்று மற்றமையாக்கப்பட்டவர்கள் இங்கே 'பர்மாக்காரங்க' ஆனார்கள்.

இன்று அதே நூடுல்ஸைச் சூட்டில் புகைய வதக்கி 'ஃப்ரை' என்றும் தருகிறார்கள். 'அசல் ருசி போச்சுப்பா' என்று அலுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எது அசல்? ரங்கூனிலேயே அது பல கைகள் கலந்த பண்டம்தானே. மொழியிலும் சாதியிலும் தூய்மை தேடுகிற மூக்குதான் இந்தத் தட்டையும் மோப்பம் பிடிக்கிறது.

இடம்பெயர்ந்தவர்களை அழுகிறவர்களாக மட்டுமே எழுதிப் பழகிய நாம், பிசைந்து, வதக்கி, ஊருக்கே சோறு போடுகிற இந்தக் கையை எப்போது வாசிக்கப்போகிறோம்?