ஒப்பாரியும் உளநோயும்

தோட்டப்புறப் பெண்டிர் பாடிய ஒப்பாரியே தமிழர் கண்ட கலை மருத்துவம் என்று சொல்வார் உளர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். மேலைநாட்டார் நேற்றுக் கண்டதை நம் பாட்டிமார் என்றோ கண்டுவிட்டனர் என்னும் பெருமிதம் இதனுள் இருக்கின்றது. ஆயினும் நோயாளியின் நலம் அடங்கிய ஒரு கூற்றை அதன் இனிமைக்காகவே ஏற்றுக்கொள்வது திறனாய்வு ஆகாது.

கலை மருத்துவம் என்பது யாது? இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயால் மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையில் இருந்தபடியே வரைந்து மனத்தைத் தேற்றிக்கொண்டவர், பின்னர் உடனிருந்த நோயாளரையும் வரையத் தூண்டினார். 1942இல் இம்முறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் அம்மையார் வேறு வழி சென்றார். வரைவதில் வரும் இன்பத்தைவிட, வரைந்த உருவம் என்ன பேசுகின்றது என்பதே அவருக்குப் பெரிதாயிற்று. வாய் சொல்லமாட்டாததைக் கோடும் வண்ணமும் சொல்லும் என்பது அவர் துணிபு. ஆக்கும் செயலே மருந்தா, ஆக்கிய உருவம் பேசும் பேச்சு மருந்தா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இனி, ஒப்பாரியைப் பார்ப்போம். சிலாங்கூரின் வடகோடியில், தஞ்சோங் மாலிமுக்கும் கெர்லிங்குக்கும் இடையே கிடக்கும் கலும்பாங் வட்டாரம் இரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்தது. அத்தகைய தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு இடையே இருந்தவை மெல்லிய பலகைச் சுவர்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் வரிசை முழுதும் அதனை அறியும். பெண்டிர் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு அமர்வர். ஒருத்தி தொடங்குவாள், மற்றையோர் எடுப்பர். தொடக்கத்தில் இறந்தவர் பெருமை வரும். நாலைந்து அடி கடந்ததும் பாட்டு மெல்லத் திசை மாறும். கப்பலேறி வந்த நாளில் கரையில் நின்ற தாய், பின்னர்க் கடிதமே போடாத அண்ணன், கங்காணியின் சுடுசொல், கள்ளுக்கடையில் கரைந்த சம்பளம் என எல்லாம் வரும். இறந்தவர் பெயரால் இருப்பவள் தன் துயரைச் சொல்லிக்கொள்கின்றாள். வேறு நாளில் சொன்னால் வாயாடி என்பார்கள். அன்று சொன்னால் ஒப்பாரி என்பார்கள்.

தொல்காப்பியர் அழுகைக்கு இழவை மட்டும் காரணமாகக் கூறினாரல்லர். பிறரால் இகழப்படுதலும், பழைய நிலையினின்று தாழ்தலும், வறுமையும் அதற்கு நிலைக்களன்கள் என்றார். தோட்டத்து ஒப்பாரியில் இந்நான்கும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. மெய்ப்பாட்டியல் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

இந்த அளவிற்கு அக்கூற்றில் உண்மை உண்டு. பிழை இதற்கு அப்பால் தொடங்குகின்றது.

ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும்; அழக் குரல் வேண்டும்; சூழ்ந்திருக்க நாலு பேர் வேண்டும். மனச்சோர்வு என்னும் நோயோ எவரும் இறவாத வீட்டிலும் வரும். உறக்கமும் பசியும் குன்றி, விருப்பமெல்லாம் வற்றி, சிலர்க்கு அழுகைகூட வாராது போகும். அத்தகையவரை “பாடு, பாரம் குறையும்” என்பது காலொடிந்தவனை ஓடச் சொல்வது போலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். பிணம் காணாத வீட்டில், வருவாரா மாட்டாரா என்று அறியாத மனைவி யாரை முன்வைத்து ஒப்பாரி தொடங்குவாள்? துயரம் மிகக் கொடிதாக இருந்த இடத்திலேயே அக்கலை வாய் அடைத்து நின்றது. இதனை எண்ணாமல் ஒப்பாரியை எல்லா நோய்க்கும் மருந்தாக்குவோர் அக்கலையையும் அறியார், நோயையும் அறியார்.

பழம்பாட்டைச் சான்று காட்டுவாரும் உண்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் புண்பட்ட வீரனைக் காக்கும் வீட்டைக் காட்டுகின்றார். அங்கே காஞ்சிப் பண் ஒலிக்கின்றது, யாழ் ஒலிக்கின்றது. உண்மை. ஆனால் வேப்பிலையும் அங்கே செருகப்பட்டிருக்கின்றது, ஐயவி சிதறப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது, கண்விழித்துக் காப்போரும் இருக்கின்றனர். பாட்டு அங்கே மற்றவற்றோடு சேர்ந்த துணை. அதனை மட்டும் பிரித்தெடுத்து மருந்து என்பது புலவர் சொல்லாததைச் சொல்வதாகும்.

மேலைநாட்டு ஆராய்ச்சியும் இவ்வளவே சொல்கின்றது. சுவீடனில் மனச்சோர்வுற்ற 79 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு ஓவியப் பயிற்சியும் பெற்றவர்க்குச் சோர்வு குறைந்தது. பிரித்தானியாவில் மனப்பிளவு நோயாளர் 417 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வோ, 2012இல், குழுவாக ஓவியம் வரைந்ததால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. நோய்க்கு நோய் முடிவு வேறுபடுகின்றது. 79 பேர் என்பதும் சிறிய தொகையே.

மலேசிய நலத்துறையின் 2023ஆம் ஆண்டு ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 4.6 பேர், ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளானதாகக் கூறுகின்றது. தோட்டங்களில் செம்பனை வந்தது. லயங்கள் பல காலியாயின. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போயின. அங்கே சுவர் தடித்தது. பக்கத்து வீட்டு அழுகை கேட்பதில்லை. ஒப்பாரி தந்த கூட்டம் போயிற்று. அதன் இடத்தில் மருத்துவரோ ஆலோசகரோ வந்து சேர்ந்தாரா என்றால், பல வீடுகளில் இல்லை.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு. அது மருத்துவர் பங்கு அன்று. ஓவிய வகுப்பில் ஒரு பிள்ளை கதிரவனைக் கறுப்பாகத் தீட்டுகின்றது. “கதிரவன் கறுப்பா?” என்று சிவப்பு மையால் அடித்துத் திருத்துவது எளிது. அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, “இது எந்த ஊர்க் கதிரவன், தம்பி?” என்று கேட்கலாம். ஒரு கறுப்புக் கதிரவனைக் கொண்டு நோய் என்று தீர்ப்பெழுதிவிடவும் கூடாது. விடை வாராமல், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே கறுப்பு வருமாயின், அத்தாள்களை எடுத்துக்கொண்டு பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் செல்லவேண்டும்.