தங்கத்தை நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா?

டெர்ரி ப்ராட்செட்டின் 'மேக்கிங் மணி' நாவலில் வங்கியின் தலைவர் ஒரு நாய். டாப்ஸி லாவிஷ் என்ற கிழவி சாகும்போது தன்னிடமிருந்த பாதிப் பங்குகளை நாய்க்கு எழுதிவைக்கிறாள். நாயை மாய்ஸ்ட் வான் லிப்விக் என்பவனுக்கு எழுதிவைக்கிறாள். மாய்ஸ்ட் பழைய மோசடிப் பேர்வழி, தூக்குக்கயிறு வரைக்கும் போய் வந்தவன். இப்போது ஆங்க்-மார்பார்க் நகரத்தின் மொத்தப் பணத்துக்கும் அவன்தான் பொறுப்பு. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் யோசித்தால், நிஜ வங்கிகளை யார் நடத்துகிறார்கள் என்று நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

2007-ல் வந்த இந்த நாவல் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 36-வது. மாய்ஸ்ட் முதலில் வந்தது 2004-ன் 'கோயிங் போஸ்டல்' நாவலில். அங்கே செத்துக்கிடந்த தபால் துறையை எழுப்பி உட்காரவைத்தான். அவன் அச்சடித்த தபால்தலைகளை ஜனங்கள் சில்லறைக்குப் பதிலாகக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை இந்த நாவலில் கவனிக்கிறான். தபால்தலை செல்லும் என்றால் ஒரு தாள் ஏன் செல்லாது? காகிதப் பணம் அங்கிருந்து பிறக்கிறது. நோட்டை வரைந்துகொடுப்பவன் ஒரு கள்ளத் தபால்தலைக்காரன்!

எதிர்ப்பக்கம் நிற்பவர் தலைமைக் காசாளர் மாவோலியோ பெண்ட். அவருக்குத் தங்கம்தான் நிஜம், மற்றதெல்லாம் ஏமாற்று. மாய்ஸ்ட் கேட்பது எளிமையான கேள்வி: தங்கம் என்ன செய்யும்? உருளைக்கிழங்கையாவது அவித்துத் தின்னலாம். பிறகு பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே தங்கமே இல்லை. வங்கி அதுவரை வெறும் நம்பிக்கையில் ஓடியிருக்கிறது.

இதைப் பாடம் நடத்தாமல் சொல்வதுதான் ப்ராட்செட்டின் திறமை. வங்கியின் நிலவறையில் 'க்ளூப்பர்' என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. குழாய்களில் தண்ணீர் ஓடும். அதுதான் நகரத்தின் பொருளாதாரம். 1949-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பில் பிலிப்ஸ் உண்மையிலேயே இப்படி ஒரு தண்ணீர் இயந்திரத்தைச் செய்துகாட்டினார். ப்ராட்செட் ஒரு படி மேலே போகிறார். மாதிரி அவ்வளவு துல்லியமாக இருப்பதால், குழாயைத் திருகினால் வெளியே நிஜ நகரம் மாறுகிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் பெரிய கற்பனை எதுவும் தெரியாது. உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பு ஒரு டேட்டாபேஸில் ஒரு வரி. அந்த வரியை மாற்றினால் மாறுவதுதான் பணம். அதற்குப் பின்னால் தனியாக ஒரு மூட்டை கிடையாது.

எங்கள் சங்கரன்கோவில்காரர்களுக்கும் இது புதிதில்லை. சங்கரநாராயணர் கோயிலில் பாம்பு, தேள் உருவம் பொறித்த சின்னத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுவார்கள், விஷ ஜந்து வீட்டுப்பக்கம் வரக்கூடாது என்று. எத்தனை கிராம் என்று அங்கே யாரும் எடைபோடுவதில்லை. தகட்டைவிட நேர்ச்சைதான் முக்கியம். மாய்ஸ்ட் பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு நோட்டு அச்சடித்திருப்பான்.

ஆனால் அதே ஊரில், தறிக்கூலியில் மிச்சம் பிடிக்கும் பெண்கள் சேமிப்பை நோட்டாக வைத்துக்கொள்வதில்லை. நகைச்சீட்டுப் போட்டு ஒரு கிராம், அரை கிராம் என்று சேர்க்கிறார்கள். என் அத்தை சொல்வாள்: "ஏல, தாளு இன்னைக்குச் செல்லும், நாளைக்குச் செல்லாதும்பான். நகைய எவன் செல்லாதும்பான்?" 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் செல்லாமல் போனது. அந்த வாரக் கூலி அத்தைக்குப் பழைய ஐந்நூறாகத்தான் கிடைத்தது. அதை மாற்ற ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள்.

நாவலோடு எனக்குச் சண்டை இங்கேதான். ப்ராட்செட் தங்கத்தை நம்பும் பெண்ட்டை என்ன செய்கிறார்? அவர் கோமாளிக் குடும்பத்தில் பிறந்தவர், அதை மறைக்கத்தான் எண்களுக்குள்ளும் தங்கத்துக்குள்ளும் ஒளிந்துகொண்டார் என்று முடிச்சை அவிழ்க்கிறார். பாத்திரமாக அருமை. வாதமாகப் பார்த்தால் தப்பித்தல். தங்கத்தை நம்புவது ஒரு மனக்கோளாறாகிவிடுகிறது.

அத்தைக்கு அப்படி எந்தக் கோளாறும் இல்லை. அவளுக்கு வரலாறு தெரியும், அவ்வளவுதான். 1906-ல் சென்னையில் ஆர்பத்னாட் வங்கி கவிழ்ந்தபோது எத்தனையோ பேருடைய வாழ்நாள் சேமிப்பு போனது. அந்த அடியிலிருந்துதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அரசாங்கமே என்ன செய்தது? 1991-ல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. நமது ரூபாயை அங்கே யாரும் கேட்கவில்லை. முட்டுச்சந்தில் மாட்டினால் ரிசர்வ் வங்கியும் அத்தை வழிக்குத்தான் வருகிறது.

மாய்ஸ்ட் சொல்வது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அத்தையின் வளையலும் அடகுக்கடையில் தாளாக மாறித்தான் அரிசியாகிறது. தங்கமும் ஒரு நம்பிக்கைதான். ஆனால் மாய்ஸ்ட் 'பணம் என்றால் என்ன?' என்று கேட்கிறான். அத்தை 'வாக்குத் தவறினால் வரிசையில் நிற்கப்போவது யார்?' என்று கேட்கிறாள். இரண்டாவது கேள்விக்கு நாவலில் இடமே இல்லை. நம்பிக்கை ஆட்டம் காணும்போதெல்லாம் மாய்ஸ்டின் வாய்ஜாலம் காப்பாற்றிவிடுகிறது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஞாபகம் வருகிறது. அங்கே மெட்ராஸுக்கு வந்த கடவுள் காபிக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டி, சில்லறைக்காகப் பேச்சு வாங்குகிறார். அதுவும் பணத்தைப் பற்றிய நகைச்சுவைதான். புதுமைப்பித்தன் கல்லாவுக்கு முன்னால் நின்று சிரிக்கிறார். ப்ராட்செட் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் ப்ராட்செட் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வரப்பார்க்கிறார். மண்ணுக்குள்ளிருந்து 4,000 கோலெம்கள் கிளம்பி வருகின்றன. கோலெம் என்றால் சொன்ன வேலையை ஓய்வில்லாமல் செய்யும் பதுமை. அவற்றை வேலைக்கு விட்டால் ஊரில் மனிதனுக்கு வேலை இருக்காது. அதனால் பெரும்பாலானவற்றைத் திரும்ப மண்ணில் இறக்கிவிட்டு, அவற்றின் உழைப்பையே நோட்டுக்கு ஈடாக அறிவிக்கிறான் மாய்ஸ்ட். பணத்துக்குப் பின்னால் இருப்பது உழைப்பு என்று இவ்வளவு நேராக வேறெந்த நகைச்சுவை நாவலும் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் அந்த உழைப்பாளிகள் வாய்திறந்து எதுவும் கேட்காதவர்கள். கூலி கேட்க மாட்டார்கள். நோட்டு செல்லுமா என்றும் கேட்க மாட்டார்கள். நாவல் சுகமாக முடிய அது வசதியாகிவிடுகிறது.

அவசியம் படியுங்கள். பணத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகவும் சிரிப்பாகவும் எழுதிய புத்தகம் அரிது. படித்து முடித்தபின், சனிக்கிழமை கூலி வாங்குகிற யாரிடமாவது கதையைச் சொல்லிப்பாருங்கள். நாய் தலைவரானதற்குச் சிரிப்பார்கள். பெட்டகம் காலி என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்போ பணம் போட்டவங்க கதி?" என்று கேட்பார்கள்.