மஞ்சள் பிடியும் உப்புத் தண்ணீரும்

ஈரத்தோடு மடக்கிப் பையில் போட்ட கத்தியை மறுவாரம் திறக்கும்போதுதான் உருக்கின் யோக்கியதை தெரியும். அலகில் எழுத்துப் பொறித்த பள்ளத்தில் ஒரு பழுப்புப் புள்ளி கண்ணில் பட்டால் அந்தக் கத்தியின் கதை முடிந்தது. அப்படி ஒரு புள்ளியைக் காட்டாததாலேயே பெயர் வாங்கியது ஸ்பைடர்கோ நிறுவனத்தின் மடக்குக் கத்தியான பசிபிக் சால்ட். அதிலும் ஜப்பானின் செகி நகரில் எச்1 உருக்கில் செய்த மஞ்சள் பிடிக்காரன்.

440சி கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்கள் உருக்கில் குரோமியம் 17 சதவீதம். இருக்கட்டும். கார்பனும் ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கிறதே! அது குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பைடாக முடக்கிவிடுகிறது. கடல்நீரின் குளோரைடோடு மல்லுக்கட்ட மிஞ்சும் குரோமியம்தான் கணக்கில் வரும். எச்1-இல் கார்பன் வெறும் 0.15 சதவீதம். கூடவே 7 சதவீதம் போல நிக்கல், கொஞ்சம் நைட்ரஜன். குரோமியத்துக்கு வேறு வேலையே இல்லை.

“பதம் நிற்காதே?” என்பது அடுத்த கேள்வி. வழவழப்பான விளிம்புள்ள எச்1-ஐ வாங்கியவர்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் பிசகு உருக்கில் இல்லை, தேர்வில் இருக்கிறது. எச்1 பல் விளிம்புக்கென்றே பிறந்தது. சாணையில் அரைபடும்போதே இறுகிப்போகும் உருக்கு என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். உலோகம் படித்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புவதில்லை. இறுகுகிறதோ இல்லையோ, பற்களின் முனைகள் அடிவாங்கிக்கொள்ள, உள்வளைவுகளின் கூர்மை பிழைத்துக் கிடக்கிறது. நனைந்த நைலான் கயிற்றின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். தேய்ந்தால் முக்கோணச் செராமிக் கோலில் நாலு இழுப்பு போதும். கீறல் மட்டும் சீக்கிரம் விழும். விழட்டுமே.

மேக்னாகட் பக்கம் சாய்ந்தவர்களிடம் சண்டை போட மனம் வராது. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த அந்த உருக்கில் குரோமியம் 10.7 சதவீதம்தான். எண்ணை மட்டும் பார்ப்பவர் தூர வைத்துவிடுவார். ஆனால் குரோமியம் கார்பைடில் சிக்காதபடி அதன் கலவை அமைந்திருப்பதால், 440சி-யை உப்பில் தோற்கடிக்கிறது, பதத்திலும் எச்1-ஐ முந்துகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது எல்சி200என் உருக்கு, விமானத் தாங்கு உருளைகளின் வம்சம். மூன்றையும் மேசையில் பரப்பிவைத்தால் அறிவு மேக்னாகட்டைக் காட்டும். கை என்னவோ மஞ்சள் பிடிக்குத்தான் போகும்.

முன்பெல்லாம் முக்குளிப்போர் கெண்டைக்காலில் கட்டிய கத்தி கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளிக்கும், எண்ணெய் பூசிக்கொள்ளும். இப்போதோ எதை எடுத்தாலும் “கடலுக்கு ஏற்றது” என்று அட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். எவர்சில்வர் என்று பெயர் வைத்ததாலேயே எதுவும் என்றைக்கும் வெள்ளியாக இருந்துவிடுவதில்லை. படகுச் சாமான்களுக்குப் பெயர்போன 316 உருக்கு உப்புக்கு அசராது. சூடாக்கிக் குளிர்வித்தாலும் இறுகாது, கத்திக்கு என்ன பயன்? கறுப்புப் பூச்சு பூசிய அலகுகள் இன்னொரு கூத்து. சாணை பிடித்த அன்றே விளிம்பில் பூச்சு போய்விடும், துருவும் அங்கேதான் தொடங்கும். அலகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூடத் திருகாணியையும் பூட்டின் வில்லையும் இடுப்புக் கொக்கியையும் பார்ப்பதில்லை. அலகு பளபளக்க, ஆணி துருவேறி இறுகிய கத்திகள் எத்தனை!

எச்1 வரத்து நின்றுபோய், அதன் இடத்துக்கு எச்2 வந்திருக்கிறது. பழைய மஞ்சள் பசிபிக் சால்ட் எங்காவது விலைக்கு வந்தால், பல் விளிம்புதானா என்று பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.