ஜோடியை மாற்றினால் பதக்கம் வருமா?

ரியோ 2016 என்றதும் மலேசிய ரசிகர்களின் பேச்சு லீ சோங் வெய் நழுவவிட்ட தங்கத்தில்தான் போய் நிற்கும். பதக்கப் பட்டியலைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படும். அங்கே நமக்குக் கிடைத்த 4 வெள்ளிகளில் 3 ஜோடிகளாக ஆடியவர்கள் வென்றவை: முக்குளிப்பில் பண்டேலேலா ரினோங் – சியோங் ஜுன் ஹூங், பூப்பந்து ஆண்கள் இரட்டையரில் கோ வி ஷெம் – தான் வீ கியோங், கலப்பு இரட்டையரில் சான் பெங் சூன் – கோ லியூ யிங். கோ லியூ யிங் மலாக்காக்காரர், சான் நம்ம பினாங்கு மண்ணில் பிறந்தவர். கலப்பு இரட்டையரில் மலேசியா பார்த்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அவர்களுடையது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இரவில் பூப்பந்து மண்டபங்களில் கலப்பு ஆட்டம் நடந்தால் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: “நீ முன்னாலேயே நில்லு, பின்னால வர்றதை நான் பார்த்துக்கிறேன்.” பெண்ணை வலையோரம் நிறுத்திவிட்டு ஆண் மைதானம் முழுக்க ஓடுவார். பார்க்க வீரமாக இருக்கும். எதிரணி விவரமானதென்றால் பத்துப் புள்ளிக்குள் மூச்சு வாங்கிவிடும். உயர்மட்டக் கலப்பு ஆட்டத்தில் வலையோரம்தான் தலைமைச் செயலகம். ஆண் சர்வீஸ் போடும்போதும் பெண் அவருக்கு முன்னால்தான் நிற்பார். ஆண் பின்னுக்குத் தள்ளி நிற்பதால் பந்து கூடுதல் தூரம் போகவேண்டும். கொஞ்சம் உயர்ந்தாலும் எதிரி பாய்ந்து அடிப்பார். அந்த அடியை முன்னால் நிற்பவர் மறிக்காவிட்டால் புள்ளி போச்சு. வலையருகே அவர் பந்தைத் தாழ்வாகத் தள்ளி எதிரியைத் தூக்கிப்போட வைத்தால்தான், பின்னால் நிற்பவருக்கு ஸ்மாஷ் அடிக்கப் பந்து கிடைக்கும்.

2009-இல் ஜோடி சேர்ந்த சானும் கோவும் இந்தக் கணக்கைக் கற்க நாள் பிடித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குழுச் சுற்றோடு வெளியேறினார்கள். 2014-இல் கோவின் முழங்கால்கள் படுத்தியதால் ஜெர்மனியில் அறுவைச் சிகிச்சை. அந்த இடைவெளியில் சான், லாய் பெய் ஜிங்குடன் ஆடினார். கோ தேறி வந்ததும் பழைய ஜோடி மீண்டும் சேர்ந்தது. ரியோ அரையிறுதியில், லண்டனில் வெள்ளி வென்ற சீனாவின் ஷு சென் – மா ஜின் ஜோடியை வீழ்த்தியது. ஆகஸ்ட் 17 இறுதியில் இந்தோனேசியாவின் தொந்தோவி அஹ்மாட் – லிலியானா நாட்சிரிடம் 14-21, 12-21. அங்கே வலையோரம் நாட்சிரின் ராஜ்ஜியம். நம்மவர்கள் எழவே முடியவில்லை.

நாட்சிரின் பாதையையும் பார்க்கவேண்டும். நோவா விடியாந்தோவுடன் 2005, 2007 உலகப் பட்டங்களும் 2008 பெய்ஜிங் வெள்ளியும் அவருக்குக் கிடைத்தன. 2010-இல் தொந்தோவியிடம் மாறினார். லண்டனில் நான்காம் இடம்தான். தங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்.

பனித்தளத்திலும் இதே கதைதான். ஃபிகர் ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சவ்செங்கோ, ராபின் ஷோல்கோவியுடன் ஐந்து உலகப் பட்டங்கள் வென்றார். ஒலிம்பிக்கில் 2010, 2014 இரண்டிலும் வெண்கலம்தான். பிறகு பிரான்ஸின் புருனோ மாசோவைச் சேர்த்துக்கொண்டார். பிரெஞ்சு சங்கத்திடம் விடுவிப்பு, மாசோவுக்கு ஜெர்மன் குடியுரிமை என்று காத்திருப்பிலேயே காலம் போனது. 2018 பியோங்சாங்கில் குறுகிய பிரிவு முடிந்தபோது நான்காம் இடம். மறுநாள் நீண்ட பிரிவில் 159.31 புள்ளி, அப்போதைய உலகச் சாதனை. சீன ஜோடியை 0.43 புள்ளியில் முந்தித் தங்கம். அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34.

நாட்சிரும் சவ்செங்கோவும் ஆளை மாற்றி வென்றார்கள். சானும் கோவும் பழைய ஆளிடம் திரும்பி வந்து வென்றார்கள். அப்படியானால் மாற்றுவது சரியா தவறா? மூன்று ஜோடிகளுக்கும் பொதுவாக இருப்பது காலம். சான் – கோ ஏழு ஆண்டு, நாட்சிர் – தொந்தோவி ஆறு, சவ்செங்கோ – மாசோ நான்கு. ஆளை மாற்றுவது என்றால் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. அந்த ஆண்டுகளைக் கொடுக்கத் துணிவிருந்தால் மாற்றலாம். இரண்டு போட்டியில் தோற்றதற்காக ஆளைக் கலைத்துப் போடுவது சீட்டாட்டம்.

ரியோவுக்குப் பிந்தைய சான் – கோ கதையும் அதையே சொல்கிறது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் அணிப் போட்டி இறுதியில் இந்தியாவின் சாத்விக் – அஷ்வினியிடம் தோற்றார்கள். சில நாளில் அதே ஜோடியை வென்று கலப்பு இரட்டையர் வெண்கலம் பெற்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் மலேசியப் பூப்பந்து சங்கத்தை விட்டு வெளியேறி, சொந்தக் காலில் நின்று 2019 ஜனவரியில் தாய்லாந்து மாஸ்டர்ஸ் பட்டத்தைத் தட்டினார்கள். சங்கத்தின் வசதிகள் போயின. பத்தாண்டுப் பழக்கம் கூடவே இருந்தது. ஆனாலும் முழங்காலுக்கும் வயதுக்கும் பழக்கம் மருந்தாகாது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் குழுச் சுற்றோடு கதை முடிந்து, இருவரும் பிரிந்தார்கள்.

சங்கம் இதிலிருந்து பாடம் கற்றதா? பாதி கற்றது என்பேன். பூப்பந்தில் மலேசியாவின் முதல் உலகப் பட்டம் 2022-இல் ஏரன் சியா – சோ வூய் யிக் வழியாக வந்தது. ஒற்றையர் நட்சத்திரங்களுக்குக் கிட்டாதது இரட்டையருக்குக் கிட்டியது. 2025 ஆகஸ்டில் பாரிஸில் சென் தாங் ஜீ – தோ ஈ வெய், கலப்பு இரட்டையரில் நாட்டின் முதல் உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். அவர்களின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, நாட்சிரின் பழைய ஜோடி நோவா விடியாந்தோதான். அதே ஆண்டின் தொடக்கத்தில் சங்கத்தார் சென் – தோ ஜோடியையும் பிரித்தார்கள். நல்லவேளை, சீக்கிரமே சேர்த்துவிட்டார்கள். சேர்க்காமல் விட்டிருந்தால் பாரிஸில் யார் நின்றிருப்பார்கள் என்று சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நாம் இன்னும் தேடும் முதல் தங்கம் கலப்பு இரட்டையரில் வர வாய்ப்பு உண்டு. அதுவரை சென்னும் தோவும் தோற்பார்கள், முறைத்துக்கொள்வார்கள், காயப்படுவார்கள். பிரிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்கத்தார் சானும் கோவும் ரியோவுக்கு வந்துசேர்ந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.