பால் பாக்கெட்டும் பிணமும்

வாசலில் போட்ட பால் பாக்கெட்டைப் பத்து மணியாகியும் யாரும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு மாமி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். க்ரைம் நாவல் படித்து வளர்ந்த தமிழர் எவருக்கும் அடுத்த பக்கத்தில் என்ன காத்திருக்கிறது என்று தெரியும். பால் எத்தனை மணிக்கு வரும், வீட்டுக்காரர் எப்போது வாக்கிங் கிளம்புவார், வேலைக்காரி எந்தக் கதவு வழியாக வருவாள் என்பதெல்லாம் முன்னாலேயே மனதில் பதிந்திருந்தால்தான் எது பிசகியது என்பது உறைக்கும். துப்பறியும் கதையின் சுகம் ரத்தத்தில் இல்லை, அன்றாடத்தை இப்படி உற்றுப் பார்க்கவைப்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

தமிழில் இந்தக் கவனம் வந்து சேர நாளாயிற்று. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனைக் கொண்டுவந்தார். அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு. இங்கிலாந்தின் நாவலாசிரியர் ரெயினால்ட்ஸ் அந்தத் தலைமுறையை ஆட்டிப்படைத்தார். மாளிகை, சுரங்க வழி, கடத்தல், மாறுவேடம் என்று கதை எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ கதையிலிருந்து எடுத்த ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமாக வந்தபோது, எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டார். ரசிக்கலாம்தான். ஆனால் எல்லாமே அசாதாரணமாக இருக்கும் உலகத்தில் எதைத் தடயம் என்று பொறுக்குவது?

தேவன் 1942இல் ஆனந்த விகடனில் ‘துப்பறியும் சாம்பு’வைத் தொடங்கியபோதுதான் துப்பறிவாளர் நம் தெருவுக்குக் குடிவந்தார். சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா, அசடு. அவர் உளறுவதும் தடுக்கி விழுவதும் எப்படியோ குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். புகழ் தானாக வந்து அவர் தலையில் உட்காரும். ஷெர்லாக் ஹோம்ஸைக் கேலி செய்கிற கதை என்று இதைத் தள்ளிவிடுவார்கள். எனக்கென்னவோ, நடுத்தரக் குடும்பத்து வீட்டையும் ஆபீஸையும் குற்றக்கதைக்குள் கொண்டுவந்த முதல் பெரிய காரியம் இதுதான் என்று படுகிறது.

தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் இல்லாமல் மூளை ஓடாது. எத்தனை கொலை விழுந்தாலும் மேஜைமேல் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நல்ல தமிழில் பேசுவார். ‘கல்கண்டு’ பத்திரிகை முழுக்கத் துணுக்குகளை இறைத்தவரும், வாழ்க்கைக்குப் பயன்படும் கையேடுகளை மணிமேகலைப் பிரசுரம் வழியே குவித்தவரும் இதே தமிழ்வாணன்தான். தகவல் பசியையும் மர்மப் பசியையும் ஒரே கை ஊட்டியது. 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ சுஜாதாவின் வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்தியது. பின்னால் வந்து சேர்ந்த வசந்தின் குறும்புக்காகவே படித்தவர்கள் ஏராளம். கொலைகாரன் பெயர் மறந்துபோன பலருக்கு வசந்த் அடித்த ஜோக் நினைவிருக்கும்.

மாத நாவலுக்கு வருவோம். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கிய புத்தகம். மட்டமான நியூஸ்பிரிண்ட், நடுவில் இரண்டு பின், பளபளக்கும் அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத பெண் முகம். சுமார் நூறு பக்கம். திண்டிவனத்தில் பிரித்தால் விழுப்புரம் தாண்டியதும் முடிந்துவிடும். அப்புறம் அது பக்கத்து சீட்டுக்காரரிடம் போகும், வீட்டுக்கு வந்தால் மாடி வீட்டு அக்காவிடம் போகும், கடைசியில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேந்திரகுமாரின் ராஜா–ஜென்னி என்று ஜோடி ஜோடியாகத் துப்பறிந்தார்கள். ‘ஙே’ என்று விழிக்கத் தமிழருக்குக் கற்றுக்கொடுத்தவரும் ராஜேந்திரகுமார்தான்.

இந்த மாத நாவல்களின் வடிவத்தைப் பற்றி விமர்சகர்கள் பேசுவதே இல்லை. ராஜேஷ்குமார் அடிக்கடி கையாளும் இரட்டைத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயத்தில் கோவையில் ஒரு கதை, அடுத்ததில் ஒட்டுறவே இல்லாத இன்னொரு கதை, முடிவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அத்தியாயமும் நாலைந்து பக்கம். குக்கர் மூன்றாவது விசில் கொடுப்பதற்குள் ஒன்றை முடித்துவிடலாம், எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் நூல் அறுந்திருக்காது. தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் கிடைக்காதவர்களுக்காகவே தைத்த சட்டை இது. வாசகர்களில் இல்லத்தரசிகளும் இரவு ஷிப்ட்காரர்களும் ஏன் அத்தனை பேர் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

குறை இல்லாமலில்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் ஆங்கிலத் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயம் எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நம் மாத நாவல்களில் பாதி அந்தப் பரீட்சையில் தேறாது. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிடுவான். முதல் உலகப்போர்க் காலத்தில் மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களைக் கற்ற அகதா கிறிஸ்டிக்கு அவற்றைக் கதையில் நிதானமாக இறக்க நேரம் இருந்தது. மாதத்துக்குப் பல நாவல் தரவேண்டியிருந்த எழுத்தாளருக்கு அது ஏது? பெண் உடலை அட்டையிலும் பிணமாகவும் மலிவாக விற்றதற்கு மட்டும் இந்த அவசரம் சமாதானமாகாது.

ஆனாலும் அந்த அவசரத்திலேயே ஒரு லாபம் இருக்கிறது. யோசித்து அழகுபடுத்த நேரமில்லாததால் கண்ணில் பட்டதெல்லாம் கதைக்குள் விழுந்தது. டிரங்க் கால், எஸ்டிடி பூத், ஷோகேஸ் பொம்மை, ஹாலில் சன்மைக்கா டீப்பாய், மாடிப்படிக்கு அடியில் நிறுத்திய பஜாஜ் ஸ்கூட்டர். எண்பதுகளின் தமிழ் நடுத்தர வீட்டைத் தேடுபவர்கள் அக்கால இலக்கியப் பத்திரிகைகளைவிட இங்கே அதிகம் பொறுக்கலாம். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, நாம் எடைக்குப் போட்டதற்கு வெளியூரில் மவுசு என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள்.

செல்போன் வந்ததும் பாதிக் கதைக்கருக்கள் செத்தன. கதாநாயகிக்கு எச்சரிக்கை போய்ச் சேராமலிருக்க இப்போது பேட்டரி தீரவேண்டும், அல்லது சிக்னல் போகவேண்டும். ஒரு தரம் நம்பலாம், ஒன்பது தரம் நம்ப முடியுமா? மர்மம் அதற்கு முன்பே ‘மர்மதேசம்’ வழியாகத் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்திருந்தது; இப்போது 2022இல் வந்த ‘சுழல்’ போன்ற வெப் சீரீஸ்களில் வாழ்கிறது. ஒரு சிற்றூரின் சிமென்ட் ஆலையையும் மயானக் கொள்ளைத் திருவிழாவையும் அது காட்டிய அளவு எந்த மாத நாவலும் காட்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு எபிசோடுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையே எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. மாத நாவல் கேட்டதெல்லாம் பஸ் கிளம்பும்வரை உள்ள நேரம்தான்.